நெல்வேரின் ஓட்டைகள்

கிண்ணியா
28.12.1972

செல்வி வள்ளிநாயகி அவர்கட்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் ஊர் சல்லிக்கு ஆள் அனுப்பி உங்கள் தம்பியிடம் விலாசம் வாங்கினேன். பேராதனையில் தாவரவியல் மாணவருக்கு நுணுக்குக்காட்டியில் வேரும் தண்டும் காட்டிக்கொடுக்கிற வேலை என்றாராம். அப்படியென்றால் என் கேள்விக்குச் சரியான ஆள் நீங்கள்தான்.

எனக்கு இரண்டு ஏக்கர் சீதனக் காணி இருக்கிறது. வாப்பா என் பள்ளிக்கூடத்தை நிறுத்திய வருஷம், "படிப்புக்குப் பதிலா இது கிடக்கட்டும்" என்று என் பேரில் எழுதிய வயல். வீட்டுக்காரர் தாஹிர் புல்மோட்டையில் மணல் தொழிற்சாலையில் வேலை. மாதம் இரண்டு தரம்தான் வருவார். வயல் என் பொறுப்பு. இந்தப் பெரும்போகத்துக்கு எங்கள் வயல்வட்டையில் எல்லாரும் நெல்லை வீசி விதைத்தார்கள், நான் நாற்று நட்டேன். "பொம்பிளை வயல்" என்று அப்போதே சிரித்தார்கள். நட்டு ஆறு கிழமையில் என் பயிர் மட்டும் மஞ்சளித்தது.

வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டை விதானையார் ஸஹாப்தீன் வந்து பார்த்தார். விதானை வேலையை அரசாங்கம் எடுத்துவிட்டுக் குழு வைத்து கனகாலம். ஆனாலும் குழுத் தலைவர் அவர்தான், எல்லாருக்கும் அவர் இன்னும் விதானையார்தான். ஒரு வேரைப் பிடுங்கி விரலால் அமுக்கினார். பஞ்சு போல அமுங்கியது. வெற்றிலைப் பையிலிருந்த பாக்குவெட்டியால் நறுக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "உள்ளுக்கு எல்லாம் வெறும் கோதாப் போயிட்டு மகள். இது வேர் அழுகல். தண்ணியோட கீழ் வயலுக்கும் இறங்கும். உழுது தாட்டிரு" என்றார். ஜனவரி 12, வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம். அதில் உழு என்று தீர்மானித்தால் உழவேண்டும். மறுத்தால் என் மடையை அடைப்பார்கள்.

இனிக் கேள்வி. 1961இல் பள்ளிக்கூடத்துக்கு நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த நெல்வேரை ஒரே நுணுக்குக்காட்டியில் நீங்களும் நானும் மாறிமாறிப் பார்த்தோம். வேரின் ஓரத்தில் வட்டமாக ஓட்டைகள் இருந்தன. நான் பார்த்தபடி வரைந்தேன். புத்தகத்தில் இருந்தது சோளவேர், அதில் ஓட்டை இல்லை. ரீச்சர் என் படத்துக்குப் பூச்சியம் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த உங்களைக் கேட்டார்: "நீர் பார்த்தனீரோ ஓட்டை?" நீங்கள், "இல்லை ரீச்சர்" என்றீர்கள். பார்க்காததை வரைகிற பொய்க்காரி என்று பெயர் வாங்கி வீட்டுக்குப் போனேன். "பூச்சியம் வாங்கவா ஒவ்வொரு நாளும் தோணியில போறாய்?" என்று வாப்பா கேட்டார். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம்.

இப்போது சொல்லுங்கள். அன்றைக்கு அந்த ஓட்டை இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால் நெல்வேர் பிறவியிலேயே அப்படித்தான், என் பயிர் அழுகவில்லை. இல்லை என்றால் விதானையார் சொல்வதுதான் சரி.

மு. ஸுல்பிகா


பேராதனை
1.1.1973

அன்புள்ள ஸுல்பிகா,

நீ என்னை "நீங்கள்" என்று எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். பரவாயில்லை. நான் "நீ" என்றுதான் எழுதுவேன். உன்னை வேறு மாதிரிக் கூப்பிட எனக்குத் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். வேர் கோதாவதற்குப் பல காரணங்கள் உண்டு. நோயாலும் ஆகலாம், இயல்பாகவும் ஆகலாம். செடியைப் பார்க்காமல் நான் ஒரு தீர்ப்புச் சொன்னால் அது விஞ்ஞானம் ஆகாது. ஈரத் துணியில் சுற்றி இரண்டு மூன்று செடிகளை வேரோடு அனுப்பு. நானே வெட்டிப் பார்த்து எழுதுகிறேன்.

அந்த நாளைப் பற்றிக் கடிதத்தில் எழுதுவது எனக்குச் சுலபமில்லை. நேரில் கதைக்கலாம். இதையும் சொல்லத்தான் வேண்டும்: நீ பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் உனக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் உறை பிரிக்காமலே திரும்பி வந்தன. பதினொரு வருஷம் பேசாமல் இருந்தது நான் மட்டுமில்லை.

இங்கே குளிர் அதிகம். உன் கையெழுத்து மாறவேயில்லை.

வள்ளிநாயகி


கிண்ணியா
4.1.1973

வள்ளிநாயகி அவர்கட்கு,

நான் கேட்டது ஒரு கேள்வி. அதற்கு மறுமொழி "ஓம்" அல்லது "இல்லை". நீங்கள் குளிரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

கருவாட்டு லொறி ஓட்டுகிற முஹம்மது தம்பி நாளைக்குக் கண்டிக்குப் போகிறார். பால்மா ரின் ஒன்றில் நாலு செடி வைத்து அவரிடம் கொடுத்திருக்கிறேன். கருவாடு மணத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. மறுமொழியையும் அவரிடமே கொடுங்கள், தபாலை நம்ப நேரமில்லை.

மூன்று கடிதத்தையும் திருப்பியது உண்மை. நாலாவது வந்திருந்தால் திறந்திருப்பேன். நீங்கள் மூன்றோடு களைத்துப் போனீர்கள்.

தாஹிர் நல்ல மனிதர்தான். அவரே நேற்று வந்து சொல்கிறார்: "ஊரோட என்னத்துக்குச் சண்டை? உழுதிட்டு அடுத்த போகம் பாப்பமே." அரிசி விற்கிற விலையில் நிற்கிற பயிரை உழுவதா? அதைவிட ஒன்று அவருக்குத் தெரியாது. அந்த ஓட்டைதான் என் படிப்பைத் தின்றது. அதற்கு ஈடாகக் கிடைத்த வயலையும் அதே ஓட்டை தின்ன வருகிறது. இரண்டு தரமும் நான் ஒன்றும் பிழை செய்யவில்லை. இந்த முறை விட ஏலாது.

நேற்று அந்தி வரைக்கும் வரம்பில் குந்தியிருந்து வேர்களைப் பார்த்தேன். மண் நிறமாக இருக்கின்றன, கறுக்கவில்லை. இழுத்தால் அறுபடவில்லை. முகர்ந்தால் நாற்றமும் இல்லை. ஆனால் என் கண்ணை யார் நம்புவார்கள்? அதற்கு எப்போதோ பூச்சியம் போட்டாயிற்று.

எழுத்தில் வேண்டும். கையெழுத்தோடு.

மு. ஸுல்பிகா


பேராதனை
7.1.1973

ஸுல்பிகா,

ஓம். இருந்தது. நான் பார்த்தேன்.

இதை முதல் வரியில் எழுதாவிட்டால் பிறகும் எழுதமாட்டேன் என்று தெரியும். அதனால் முதலில் எழுதிவிட்டேன்.

அன்றைக்கு உனக்கு முன்னமே நான்தான் கண்ணை வைத்தேன். ஓட்டைகளை எண்ணிக்கூடப் பார்த்தேன். பிறகு புத்தகத்தைத் திறந்து, அதிலிருந்த படத்தைப் பார்த்து வரைந்தேன். ரீச்சர் என்னைக் கேட்டபோது நீ என் பக்கம் திரும்பவில்லை. நான் உண்மையைச் சொல்வேன் என்ற நம்பிக்கையில் ரீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாய். விடுதியில் எனக்கு இடம் கிடைப்பது அந்த ரீச்சரின் ஒரு வார்த்தையில் இருந்தது. சல்லியிலிருந்து கடற்றொழில்காரனின் பிள்ளை ஒருத்தி அந்த விடுதிக்குப் போவது அதுதான் முதல் தடவை. பயந்துபோய்ச் சொன்னேன். பயம் என்பது காரணம்தான், மன்னிப்பு ஆகாது. அது எனக்குத் தெரியும். உன் படிப்பை நான் தின்றேன், ஓட்டை தின்னவில்லை.

இனி உன் வேர். ரின்னைத் திறந்ததும் ஆய்வுகூடம் முழுக்க நெத்தலிக் கருவாடு மணத்தது. கரட் கிழங்குத் துண்டைப் பிளந்து அதன் நடுவில் வேரைச் செருகி, சவர அலகால் மெல்லியதாகச் சீவி, நாலு செடியிலும் பார்த்தேன். நன்றாகக் கேள்.

வேரின் ஆக வெளியே மேற்றோல். அதற்கு உள்ளே தடித்த வளையமாக மேற்பட்டை. உன் ஓட்டைகள் எல்லாம் இந்த மேற்பட்டையில்தான். அழுகினால் ஓட்டை கண்டபடி இருக்கும், சுவர்கள் கறுத்துக் கரைந்திருக்கும். உன் வேரில் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே சுவர்கள் சைக்கிள் சில்லின் கம்பிகள் மாதிரி ஒழுங்காக நிற்கின்றன. அதற்கும் உள்ளே அகத்தோல், ஒரு வரிசைக் கலம், எங்கேயும் உடையவில்லை. நடுவில் கம்பம். தண்ணீர் ஏறுகிற காழும், உணவு இறங்குகிற உரியமும் அதற்குள்தான். வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. உன் பயிருக்கு உயிர் முழுதாக இருக்கிறது.

ஓட்டை எதற்கென்றால், நெல் தண்ணீருக்குள் நிற்கிற பயிர். சேற்றில் காற்று இல்லை. வேருக்கு மூச்சு இலையிலிருந்துதான் இறங்கவேண்டும். அதற்காக மேற்பட்டையில் சில கலங்கள் தாங்களே செத்து வழி விடுகின்றன. அந்த வழிதான் நீ வரைந்த ஓட்டை. ஓட்டை இல்லாவிட்டால்தான் நெல் அழுகும்.

மஞ்சளுக்குக் காரணம் பசி. மண்ணில் உரம் போதவில்லை. சல்பேற்றுப் பசளை கிடைத்தால் உடனே போடு.

தனித் தாளில் இதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. ரீச்சர் கொப்பியிலிருந்து கிழித்துக் கூடைக்குள் போட்ட உன் படம். அன்று பின்னேரம் நான் அதை எடுத்தேன். பதினொரு வருஷம் வைத்திருந்தேன். திருப்பித் தர முகமில்லை, எறிய மனமில்லை. நான் இப்போது பார்த்ததும் நீ அப்போது வரைந்ததும் ஒன்றுதான். ஒரு கோடு கூடப் பிசகவில்லை.

வள்ளி


கிண்ணியா
13.1.1973

வள்ளி,

வென்றேன். மிச்சத்தை ஒழுங்காகச் சொல்கிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முதல் வரியை வாசித்துவிட்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷமா கோபமா என்று கேட்காதே. இரண்டும்தான். பிறகு முகம் கழுவிவிட்டு மிச்சத்தை வாசித்தேன்.

ஆனால் கடிதம் மட்டும் போதாது என்று எனக்குப் பட்டது. எங்கள் ஆட்கள் கண்ணால் கண்டால்தான் நம்புவார்கள். இலையிலிருந்து வேருக்குக் காற்று இறங்குகிறது என்று எழுதியிருந்தாய். இறங்குவதைக் காட்டினால் என்ன? ஒரு செடியின் தண்டை வெட்டி, வேரைத் தண்ணீருக்குள் விட்டு, வாயால் ஊதிப் பார்த்தேன். கன்னம் வலித்ததுதான் மிச்சம். தாஹிர் வியாழக்கிழமை வந்தார், வழியில் சைக்கிள் பஞ்சர். முற்றத்தில் சட்டித் தண்ணீருக்குள் ரியூபை அமுக்கிக் குமிழ் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே புத்தி! அவர் கையிலிருந்த பம்பைப் பறித்தேன். முதல் தண்டு வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதில் ரப்பர் துண்டைச் சுற்றிக் கட்டி மெல்ல அடித்தோம். தாஹிர் வேர் நுனியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்கு நானே அடிக்கிறன்" என்றார்.

கூட்டம் கூட்டுறவுக் கடை விறாந்தையில். வட்டைக் கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை. காணி என் பேரில் இருந்தபடியால் யாருக்கும் தடுக்க வாய் வரவில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நடுவில் போய் நின்றேன். உன் தாளை வாசித்தேன், என் படத்தையும் காட்டினேன். விதானையார் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "படிச்ச ஆக்கள் எழுதினா நல்லாத்தான் கிடக்கும் மகள். கடுதாசியில நெல்லு விளையாது."

"அப்ப கண்ணால பாருங்க மாமா" என்றேன்.

கண்ணாடிச் சாடியில் தண்ணீர். வேர் நுனிகளைக் கத்தரித்து உள்ளே விட்டேன். தாஹிர் பம்பைக் கட்டி ஒருதரம் அடித்தார். ஒன்றும் இல்லை. இன்னொருதரம் அடித்தார். யாரோ சிரித்தார்கள். மூன்றாம் தரம் அடித்தபோது ஒவ்வொரு வேர் நுனியிலிருந்தும் குமிழ், குமிழ், குமிழ்! ஊசி முனை அளவில் வரிசையாக ஏறி வந்தன. கதிரையில் இருந்தவர்கள் எழும்பிக் கிட்ட வந்தார்கள். "தண்டில அடிச்சா வேரில வருதே!" என்று ஒருவர் கத்தினார். "அழுகின குழாயில காத்துப் போகுமா?" என்று நான் கேட்டேன்.

விதானையார் மட்டும் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "உன்ட வேர் கோதுதானே? அதை நான் என்ட கையால வெட்டினனே" என்றார். இந்தக் கதைக்காகத்தான் நான் காத்திருந்தேன். சீலைத் தலைப்புக்குள்ளிருந்து இன்னொரு செடியை எடுத்தேன். கரும்பச்சையாக, செழிப்பாக. "இதையும் வெட்டுங்க மாமா. காலையில உங்கட வயல்ல, உங்கட மகனைக் கேட்டுப் புடுங்கினது."

அவர் பாக்குவெட்டியை எடுத்தார். வெட்டினார். வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கோது. இன்னொரு வேரை வெட்டினார். அதுவும் கோது. ஏழு வேர் வெட்டினார் வள்ளி, நான் எண்ணினேன். அறுபது வருஷமாக அந்த மனிதர் நோய்ப் பயிரின் வேரை மட்டும் வெட்டிப் பார்த்திருக்கிறார். நல்ல பயிரின் வேரை வெட்ட யாருக்குத் தோன்றும்?

பிறகு அவர் சிரித்தார். பாக்கு உமிழ்நீர் தாடியில் வடிய, தோள் குலுங்கச் சிரித்தார். "அப்ப நாம எல்லாரும் கோது வேரில விளைஞ்ச சோத்தைத்தான் திண்டு வந்திருக்கம்!" என்றார். விறாந்தையே சிரித்தது. அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை. "இவள்ட மடையில கை வைக்கிறவன் என்னோட கதைக்கோணும்" என்று எழும்பினார். கூட்டம் முடிந்தது. சல்பேற்று இரண்டு மூட்டை தன் பங்கிலிருந்து அவரே அனுப்பினார், பிறகு திருப்பித் தந்தால் போதுமாம்.

உன்மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்பாய். முழுதாகப் போகவில்லை. ஆனால் நீ எழுதிக் கையெழுத்து வைத்தாய். அந்தத் தாளுக்காகத்தான் உன்னை மறுபடி "நீ" என்கிறேன்.

படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நீ இப்போது மாணவருக்குப் புள்ளி போடுகிற ஆள். எனக்கு வரவேண்டிய புள்ளியை நீ போடு.

ஸுல்பிகா


பேராதனை
22.1.1973

அன்புள்ள ஸுல்பிகா,

உன் கடிதத்தை ஆய்வுகூடத்தில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பேராசிரியரே வந்து நின்று கேட்டார். மறுநாள் சைக்கிள் பம்பு ஒன்று வாங்கி வைத்தோம். நாங்களும் முதல் இரண்டு தண்டையும் வெடிக்க வைத்தோம்.

உன் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, நுணுக்குக்காட்டி மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். ரீச்சரின் சிவப்புப் பூச்சியத்தை மறைக்கவில்லை. முதல் வருஷப் பிள்ளை ஒருத்தி நேற்றுக் கேட்டாள்: "படம் சரியாத்தானே இருக்கு மிஸ், ஏன் பூச்சியம்?"

முப்பது பேர் இருந்தார்கள். "பார்த்ததைப் பார்த்தபடி வரைந்ததற்குக் கிடைத்தது அது. பக்கத்தில் இருந்தவள் பார்த்ததை மறைத்துப் பத்துக்குப் பத்து வாங்கினாள். அவள் நான்தான்" என்றேன். சொல்லி முடித்தபின் பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மேசையில் நிம்மதியாகக் குனிந்து பார்த்தேன்.

புள்ளி போட்டுவிட்டேன். பத்துக்கு ஒன்பது. கத்தாதே. மேற்றோலுக்குப் பெயர் எழுதியிருக்கிறாய், காழுக்கு எழுதியிருக்கிறாய். அகத்தோலை அழகாக வரைந்துவிட்டுப் பெயர் எழுதாமல் விட்டாய். இந்த முறை பொய்ப் புள்ளி போடமாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்திருக்கிறேன்.

உன் வள்ளி


கிண்ணியா
18.3.1973

அடி வள்ளி,

ஒன்பதா? ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறேன். தாஹிருக்கு என்னைவிடக் கோபம். "அந்த ஒண்டையும் வாங்காமல் விடாத" என்கிறார்.

அறுவடை முடிந்தது. சல்பேற்றுப் போட்ட பத்தாம் நாள் மஞ்சள் போனது. முப்பதாம் நாள் என் வயல் எது, மற்றவன் வயல் எது என்று வரம்பை வைத்துத்தான் தெரிந்தது. பிறகு வரம்பு கூடத் தேவைப்படவில்லை, என் கதிர்தான் தலை சாய்ந்து நின்றது. ஏக்கருக்கு அறுபத்தெட்டுப் புசல். இந்த வட்டையில் இந்தப் போகம் அதற்கு மேல் யாருக்கும் இல்லை. விதானையாருக்கு ஐம்பத்தொன்று. நெற்சூடு மிதித்த களத்தில் நின்று எல்லாருக்கும் கேட்க அவரே அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, அடுத்த போகம் நாற்று நடுவதைத் தன் மருமகன்களுக்குக் காட்டிக்கொடுக்கச் சொல்லி என்னிடம் கேட்டார். "பொம்பிளை வயல் எண்டு ஆர் சொன்னது?" என்று நான் கேட்க, ஆகாயத்தைப் பார்த்தார்.

இப்போது இங்கே ஆண்கள் வரம்பில் நின்றால் வேரைப் பிடுங்கி வெட்டிப் பார்த்துவிட்டு, "கோதுதான், நல்லா இருக்கு" என்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு அலுக்கவில்லை.

களத்தில் முதல் மூட்டையைக் கட்டும்போது வாப்பாவும் வந்து நின்றார். ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்துக்கொண்டே, "அண்டைக்கு அந்தப் படத்தை நான் பார்க்கக்கூட இல்ல மகள்" என்றார். அவருக்கு எழுபது வயது. வீட்டுக்குப் போய் புது வேர் ஒன்று எடுத்து, படம் கீறி, அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

அந்தப் படத்தில் மேற்றோல், மேற்பட்டை, ஓட்டை, காழ், உரியம் எல்லாம் பெயரோடு இருக்கின்றன. அகத்தோல் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். தபாலில் அனுப்பமாட்டேன். தபாலில் வருகிற புள்ளி எனக்கு வேண்டாம்.

சித்திரை விடுமுறைக்குச் சல்லிக்கு வருவாய்தானே. அங்கிருந்து கிண்ணியாத் துறைக்கு எவ்வளவு நேரம்? பதினொரு வருஷம் நீ தோணி ஏறவில்லை. இந்த முறை ஏறு. துறையடியில் நான் நிற்பேன், வாப்பா நிற்பார், விதானையாரும் உன்னைப் பார்க்கவேண்டுமாம். புது அரிசிச் சோறும் அறுக்குளா மீனும் ஆக்குவேன். விறாந்தையில் எல்லாருக்கும் முன்னால் கதிரையில் இருந்து என் படத்தைப் பார். பார்த்ததை மட்டும் சொல்.

சிவப்புப் பேனை கொண்டு வா.

உன் ஸுல்பிகா